வெறும் போத்தல்

பியர் காய்ச்சுவது எனக்குத் தொழிலாகுமுன் மொன்றியாலுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தேன். மாலையில் மெத்ரோ பிடித்து வீட்டுக்கு வந்து பேஸ்மென்டில் இறங்கினால் நான் வேறு ஆள். பொங்கலுக்கென்று மனைவி ஆசையாக வாங்கிய கிடாரத்தில்தான் முளைவிட்ட பார்லியை ஊறவைத்து, கசப்புக்கு ஹொப்ஸ் பூப் போட்டு, என் முதல் பியரைக் காய்ச்சினேன்.

"இஞ்சாருங்கோ, இனி உதுக்கை பொங்கினால் சாமியும் வெறியிலைதான் போகும்" என்று அவள் சண்டை பிடித்தாள். அவளுக்கு வேறு கிடாரம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். அந்த முதல் பியர் புளித்துப்போன அப்பமா மாதிரி மணத்தது. அதையும் விடாமல் குடித்து முடித்தோம். மொன்றியால் குளிரில் வேறென்ன செய்வது?

கை தேறியதும் பியர் மிஞ்சத் தொடங்கியது. போத்தல்களில் அடைத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். அங்கேதான் கூத்துத் தொடங்கியது. எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். கறி வந்த கோப்பையில் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். பியர்ப் போத்தலுக்கும் அதே சட்டம்தான், ஆனால் அதன் வாய் சிறியது. ஒரு வீட்டில் புனல் வைத்து மிளகாய்த்தூள் நிரப்பினார்கள். இன்னொரு வீட்டில் நல்லெண்ணெய். எண்ணெய் பட்ட போத்தலை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அடுத்த பியரில் நுரை நிற்காது. பரதேசிகளே, வெறும் போத்தலைத் தாருங்கள் என்று கத்த வேண்டும் போலிருக்கும். ஒருநாளும் கத்தவில்லை. போத்தல் திருப்பித் தர வருகிறவர்கள் அமத்தும் அழைப்புமணிச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணை எல்லாரையும் மிஞ்சினார். மன்னார்க்காரர், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை. ஒருமுறை நெத்தலிக் கருவாட்டை ஒவ்வொன்றாகத் தலைகீழாக நுழைத்து ஒரு போத்தலை நிரப்பிக்கொண்டு வந்தார். போட்டது வெளியே வருவேனா என்றது. அவரும் நானும் கம்பியால் குத்திக் குத்தி எடுக்க, மனைவி கண்ணீர் வரச் சிரித்தாள். ஞாயிறு பூசை முடிந்தால் அவர் நேரே எங்கள் குசினிக்குத்தான் வருவார். புதுப் பியரின் முதல் வாய் அவருக்கு. "தம்பி, இந்தமுறை கசப்புக் கூடிப்போச்சு" என்று ஒளிக்காமல் சொல்வார். பின்னேரம் வரை இருந்து கதைப்போம்.

பிறகுதான் எனக்குச் சொந்தமாகப் பியர்க் கடை திறக்கிற ஆசை வந்தது. சந்தைக்குக் கிட்ட, பழைய கராஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஸ்டீல் தாங்கிகள் இறக்கினேன். வேலையையும் விட்டேன். மனைவிக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது.

"வீட்டிலை தாறதும் கடையிலை விக்கிறதும் ஒண்டில்லை. சனம் வராமல் விடப்போகுது."

"ஏன் வராது? நடந்து வாற தூரம்தானே" என்று நான் சீறி விழுந்தேன்.

திறப்பு விழாவுக்கு எல்லாரும் வந்தார்கள். குத்துவிளக்கு, பூமாலை, படம் எடுப்பு எல்லாம் தடல்புடல். அதோடு சரி, எங்கள் ஆட்கள் பிறகு வரவில்லை. வியாபாரம் படுக்கவில்லை, பொய் சொல்லக்கூடாது. பிரெஞ்சுப் பெடியன்கள் சைக்கிளில் வந்து வாசலை நிறைத்தார்கள். நாள் முழுக்க பொன்ஜூர், மெர்சி. வீட்டில் காய்ச்ச நேரமில்லாமல் போனது. ஞாயிறும் கடை திறந்திருந்தது. வீட்டு அழைப்புமணியை அமத்த ஆளில்லை. எனக்குக் கோபம் வந்தது, பிறகு வலித்தது. அண்ணைகூட எட்டிப் பார்க்கவில்லை.

இலை உதிர்காலத்தில் ஒரு பின்னேரம் அவர் வந்தார். வந்தவர் வரிசையில் நின்றார். என் வீட்டு பிரிட்ஜைக் கேளாமல் திறக்கிற மனிதர், இரண்டு மாணவர்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, உள்ளுக்கு வாங்கோ!"

"இல்லைத் தம்பி, சனம் நிக்குது. என்ரை முறை வரட்டும்."

முறை வந்தது. காசு வேண்டாம் என்று நான் தடுக்கத் தடுக்க, அட்டையை மெஷினில் தட்டிவிட்டுத்தான் கிளாசை எடுத்தார். அடிவரை குடித்தார்.

"எப்பிடி அண்ணை?"

"நல்லா இருக்கு. வீட்டிலை செய்ததை விட நல்லா இருக்கு."

"அப்ப ஏன் அண்ணை இந்தப் பக்கமே வாறேல்லை? வீட்டுக்கும் வாறேல்லை?"

வெறும் கிளாசை மேசையில் மெல்லச் சுழற்றினார். "காசைக் குடுத்துக் குடிச்சால் அதோடை முடிஞ்சுதே. பேந்து என்னத்தைச் சாட்டி உம்மடை வீட்டை வாறது?"

அதற்குள் ஒரு பெண் வந்து இரண்டு கிளாஸ் கேட்டாள். ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"சாட்டு ஒண்டும் வேண்டாம் அண்ணை. ஞாயிறு கடையைப் பூட்டுறன். வீட்டை வாங்கோ."

"ஓம், ஓம். பாப்பம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வரமாட்டேன் என்பதை எங்கள் ஆட்கள் இப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள்.