எடுத்த துண்டு

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் பெண்களுக்குச் சீட்டுப் பிடிப்பவள் நான். பெயர்த் துண்டுகளைத் தகரப் பேணியில் போட்டுக் குலுக்கி எடுப்போம். ஒருமுறை விழுந்த பெயர் மறுபடி விழக்கூடாது என்று அந்தத் துண்டை அப்போதே கிழித்துவிடுவேன்.

என் மூத்தவனுக்குத் தலசீமியா. மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். என்னிலும் கணவரிலும் அந்த நோயின் மரபணுப் பிழை ஒளிந்திருப்பதால், நாலில் ஒரு பிள்ளைக்கு நோய் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒன்று மூத்தவனோடு தீர்ந்தது என்று நம்பித்தான் இரண்டாவதைச் சுமந்தேன்.

அதைச் சொன்னதும் டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்பிடி இல்லையம்மா. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா நாலில ஒண்டு. முதல் பிள்ளைக்கு வந்தது கணக்கில இல்லை.”

“அப்ப, எடுத்த துண்டைத் திரும்பவும் பேணிக்குள்ள போடுறதோ?”

“ஓம். ஒவ்வொரு முறையும்.”

“இதென்ன நியாயம் டொக்டர்?”

அவர் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு டெஸ்ட் எழுதித் தந்தார்.

முடிவு வருமுன்பே சீட்டு நாள் வந்தது. பக்கத்து வீட்டு வாசுகியின் பெயர் விழுந்தது. நான் அந்தத் துண்டை மடித்துத் திரும்பப் பேணிக்குள் போட்டுவிட்டேன்.

“என்னக்கா, என்ர துண்டைக் கிழிக்கேல்லையோ?” என்றாள் வாசுகி.

பேணிக்குள் பார்த்தேன். எல்லாத் துண்டுகளும் ஒரே மாதிரி மடிந்து கிடந்தன. எதை எடுத்துக் கிழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.