என் பெயருக்கு வந்த பணம்

தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்னால் இருந்த ஒரு நகைக்கடையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய கடை இல்லை. முன்பக்கம் நான்கு விற்பனையாளர்கள், உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான், என்னைத் தாண்டி முதலாளியின் அறை. வைரத்தோட்டுக்கும் மூக்குத்திக்கும் பேர்போன கடை. மயிலாப்பூரிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான கையோடு வருவார்கள். கல்லைப் பம்பாயில் வாங்கி இங்கே தங்கத்தில் கட்டித் தருவதுதான் முதலாளியின் தொழில். அந்தப் பம்பாய் வியாபாரிகள் காசோலையைத் தொட மாட்டார்கள். ரொக்கம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மத்தியானம், கடையில் ஈ ஆடாத நேரம், முதலாளி கூப்பிட்டார்.

"நீ ப்ளேன்ல போயிருக்கியாம்மா?"

"இல்லீங்க சார்."

"போறியா? பம்பாய்க்கு. ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் வந்துடலாம்."

அவரே விளக்கினார். இதுவரை அவருடைய மச்சினன்தான் ரயிலில் பணம் கொண்டுபோவான். போன தடவை வண்டியில் தூங்கிவிட்டான், விழித்துப் பார்த்தால் பையைக் காணோம். இனி ரயில் வேண்டாம். விமானத்தில் திருட்டுப் பயம் இல்லை. ஆனால் விமான நிலையத்தில் ஆம்பளைகளைத் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். பெண்களை அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

"கடையில உன்னை விட்டா நான் யாரம்மா நம்புறது?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் போனேன். பன்னிரண்டு வருடமாக அவருடைய பணத்தை எண்ணிக் கட்டியவள் நான். பில் போடாத வியாபாரம் எவ்வளவு நடக்கிறது என்று எனக்குத் தெரியும். எல்லா நகைக்கடையிலும் நடப்பதுதான் என்று வாயை மூடிக்கொண்டிருந்தவள். அதற்கெல்லாம் சேர்த்து இது ஒரு மரியாதை என்று நினைத்தேன்.

அப்போது கோட்டூர்புரத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் வடபழனியில் ஒரு பிலிம் லேபில் வேலை பார்த்தார். அங்கே வேலை குறைந்து, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். மகள் எட்டாவது படித்தாள். அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னதும் மகள் தட்டை விட்டு எழுந்துவிட்டாள். ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும், மேகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவந்து சொல்ல வேண்டும் என்று ஆயிரம் உத்தரவு. கணவர் மட்டும் ரசம் சாதத்தைப் பிசைந்தபடி கேட்டார்:

"அவரே ஏன் போகல?"

"என்மேல நம்பிக்கை வெச்சு அனுப்புறார். அதுகூட உங்களுக்குப் பொறுக்கலையா?" என்றேன். அவர் மோரை எடுத்து ஊற்றிக்கொண்டார்.

கிளம்பும் அன்று காலை முதலாளியின் வீட்டுக்குப் போனேன். கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. முதலாளியம்மா தன் கையாலேயே பையை அடுக்கினார். நோட்டுக் கட்டுகளை ஒரு பட்டுப்புடவைக்குள் வைத்துச் சுருட்டினார். அந்தச் சுருளை இன்னொரு புடவைக்குள் வைத்தார். அதற்குமேல் ஒரு முறுக்கு டப்பா, அதற்குமேல் என் மாற்றுத்துணி. எனக்குக் கட்டிக்கொள்ள அவருடைய மாம்பழக் கலர் பட்டுப்புடவை ஒன்றையே கொடுத்தார். தலையில் இரண்டு முழம் மல்லிகை.

"யாராச்சும் கேட்டா கல்யாணத்துக்குப் புடவை எடுத்துட்டுப் போறேன்னு சொல்லு. பயப்படாத. உன் முகத்தைப் பாத்தா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

முதலாளி வாசல்வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். கடைப் பையன்களுக்குக்கூட நான் போவது தெரிய வேண்டாம், கண்ணுபடும் என்றார். அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மீனம்பாக்கத்தில் பையை எக்ஸ்ரே இயந்திரத்தின் பட்டையில் வைத்துவிட்டுப் பெண்களுக்கான திரைக்குள் போனேன். உள்ளே ஒரு பெண் போலீஸ். கையாலும் ஒரு கருவியாலும் தடவிப் பார்த்து, "போம்மா" என்றாள். அவ்வளவுதானா என்று வெளியே வந்தால் பட்டை நின்றிருந்தது. இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தவர் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போலீஸை அவர் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"உன் பையா இது? இன்னா கீது உள்ள?"

"கல்யாணத்துக்குப் புடவைங்க."

"புடவையா? கட்டு கட்டா தெரிதேம்மா. தொற."

நான் ஜிப்பைத் தொடுவதற்குள் அவளே திறந்தாள். மாற்றுத்துணியை எடுத்து மேஜைமேல் வைத்தாள், முறுக்கு டப்பாவை வைத்தாள், புடவையை உதறினாள். முதல் கட்டு கீழே விழுந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அனைவரும் எட்டிப் பார்த்தார்கள். சூட்கேஸ் வைத்திருந்த ஒருவர் தன் மனைவியிடம் ஏதோ சொல்ல, அந்த அம்மாள் என் புடவையை மேலும் கீழும் பார்த்தார். அது என் புடவை இல்லை என்பது அந்தப் பார்வைக்குத் தெரிந்துவிட்டதுபோல இருந்தது.

"இவ்ளோ துட்டு வெச்சிக்கினு புடவைன்ற?" என்றாள் பெண் போலீஸ். திட்டவில்லை, சலித்துக்கொண்டாள்.

பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் வயதானவர். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"இங்க பாருங்கம்மா. நாங்க தேடுறது கத்தி, துப்பாக்கி, குண்டு. நம்ம நாட்டுக்குள்ள பணம் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. ஆனா இவ்வளவு பணம் கண்ணுல பட்டா வருமானவரிக்காரங்களுக்குச் சொல்லியே ஆகணும். யாருது, எப்படி வந்துச்சுன்னு அவங்க கேப்பாங்க. கடைப் பணம்னா கடை லெட்டர்ல நாலு வரி, பேங்க்ல எடுத்ததுக்கு ஒரு சீட்டு. அது இருந்தா இந்நேரம் நீங்க ப்ளேன்ல உக்காந்திருப்பீங்க. ஏம்மா மறைச்சீங்க?"

அந்தக் கடையின் கடிதங்களையெல்லாம் டைப் அடித்தவள் நான்தான். நாலு வரி அடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அடிக்கச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிய ஆரம்பித்தது. நான் போகவேண்டிய விமானம் கிளம்பும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது.

வருமானவரி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் பேசினார். மெலிந்த மனிதர். பணம் யாருடையது என்று கேட்டார். முதலாளியின் பெயரைச் சொன்னேன், கடை பெயரைச் சொன்னேன், டெலிபோன் நம்பரையும் சொன்னேன். எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அவரிடம் பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று நம்பினேன்.

அதிகாரி டயல் செய்தார். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கையால் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"நீங்க அவர் கடையில வேலை பாக்கறது வாஸ்தவம்தான்னு சொல்றார். ஆனா ரெண்டு நாள் லீவு போட்டிருக்கீங்களாம். பணத்தைப் பத்தி அவருக்கு எதுவும் தெரியாதாம்."

"நான் பேசறேன் சார். என்கிட்ட குடுங்க."

கொடுத்தார். "சார், நான்தான் பேசறேன்" என்றேன்.

"என்னம்மா, லீவுல போன எடத்துல என்ன பிரச்சினை? யார் பணம் அது? யாருக்காவது எடுத்துட்டுப் போறதா ஒத்துக்கிட்டியா? இப்படியெல்லாம் செய்யலாமா நீ?"

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று பேசுகிற குரல் அது. தவணையில் நகை வாங்கிவிட்டுக் கட்டாதவர்களிடம் அவர் அப்படித்தான் பேசுவார். பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. பின்னணியில் கடையின் மின்விசிறிச் சத்தம் கேட்டது. நான் ரிசீவரை வைத்துவிட்டேன்.

சாயங்காலம்வரை கேள்வி. உண்மையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதிகாரி என்னை நம்பினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் முதலில் புடவை என்று பொய் சொன்னவள் நான். பை என் கையில் இருந்தது. அனுப்பினேன் என்று சொல்ல ஆள் இல்லை. பணத்தை எடுத்துக்கொண்டு, என் பெயருக்கு ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் அடுத்த வீட்டில் கைமாற்று வாங்குகிற என் பெயருக்குக் கீழே அந்தத் தொகை. கையெழுத்துப் போட்டேன்.

கணவர் வந்து கூட்டிப்போனார். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். 'அன்னிக்கே சொன்னேனே' என்று அவர் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டில் மகள், மேகம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் முதலாளியம்மா வந்தார். காரைக் குடியிருப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஆப்பிளும் சாத்துக்குடியும் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"உங்க அம்மா வழியில செங்கல்பட்டுப் பக்கம் நிலம் இருந்துச்சு இல்ல? அதை வித்த பணம்னு சொல்லிடு. பத்திரம், சாட்சி எல்லாம் அவர் பாத்துப்பார். பணம் திரும்பி வந்ததும் உனக்கும் செய்வார். வேலைக்கும் ஒரு பங்கமும் வராது."

"அது அவரோட பணம்மா. அவரே போய்ச் சொன்னா முடிஞ்சுது."

"அவர் சொன்னா கடையையே கவுத்துடுவாங்க. உனக்குத் தெரியாததா?"

நான் முடியாது என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். போகும்போது, அந்த மாதச் சம்பளம் என்று ஒரு கவரை டிவி மேல் வைத்தார். மாம்பழக் கலர் புடவையை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

படியில் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் கணவர் வாயைத் திறந்தார்.

"சொல்லிட்டா என்ன? நமக்கு என்ன நஷ்டம்? என் வேலை எந்த நேரத்துல போகும்னு தெரியல."

"நாளைக்கு அந்தப் பொய்க்கு யார் ஜெயிலுக்குப் போறது?"

"எப்படியும் உன்னைத் திருடின்னுதான் சொல்றாங்க" என்றார். பாண்டி பஜாரில் ஒரு கடையில் வேலை பார்க்கும் அவருடைய நண்பர் சொன்னாராம். கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தேன், விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டேன் என்று பேச்சு. முதலாளி அதை வாயால் சொல்லவில்லை. யாராவது கேட்டால் பெருமூச்சு விட்டுவிட்டு, "விடுங்க, போலீஸுக்குப் போக மனசு வரல" என்பாராம். அவர் எப்படிப் போலீஸுக்குப் போவார்? போனால் பணம் அவருடையது என்று ஆகிவிடுமே.

கவரைத் திறந்து பார்த்தேன். இரண்டு நாள் லீவுக்குச் சம்பளம் பிடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு பல மாதங்கள். நுங்கம்பாக்கத்தில் இருந்த அலுவலகத்துக்கு அழைப்பு வரும், போவேன், பெஞ்சில் காத்திருப்பேன், சொன்னதையே சொல்லிவிட்டு வருவேன். இடையில் மூன்று நகைக்கடைகளில் வேலை கேட்டேன். என் பெயரைக் கேட்டதும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அடையாறில் ஒரு மருந்துக்கடையில் பாதிச் சம்பளத்துக்குப் பில் போட்டேன். கணவரின் லேபை அந்த வருடமே மூடிவிட்டார்கள்.

கடைசியில் முதலாளியே ஒப்புக்கொண்டார். மனசாட்சி உறுத்தியதால் அல்ல. வரியும் அபராதமும் கட்டினாலும் மிச்சம் கைக்கு வரும், சும்மா இருந்தால் முழுவதும் போய்விடும் என்று அவருடைய ஆடிட்டர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதே அலுவலகத்தில், அதே பெஞ்சில், வெள்ளை வேட்டியும் விபூதியுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சௌக்கியமாம்மா? பொண்ணு நல்லாப் படிக்கிறாளா?"

உள்ளே அவருக்குக் காபி வந்தது. என்னைக் கூப்பிட்டு, இனி நீங்கள் வர வேண்டியதில்லை என்றார்கள். வெளியே வரும்போது முதலாளி கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத. உன் எடம் அப்படியேதான் இருக்கு. திங்கக்கிழமை வந்துடு."

பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவரிடம் என்னென்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் கணவர் பழைய மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மகளின் பள்ளிக்கட்டணம் இரண்டு தவணை பாக்கி.

திங்கட்கிழமை போனேன்.

என் நாற்காலி அப்படியேதான் இருந்தது. நான் எண்ணிக் கட்டியதை முதலாளியின் மச்சினன் ஒருமுறை மறுபடி எண்ண ஆரம்பித்தான். அது மட்டும்தான் புதிது. விற்பனையாளர்கள் டீ குடிக்கும்போது பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனால் பேச்சை மாற்றுவார்கள். முதலாளி யாரிடமும் எதையும் விளக்கவில்லை. ஒருநாள், அவர்களில் மூத்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னிக்கு நெசமாவே நீங்களா எடுத்துட்டுப் போனீங்க?"

"உள்ளதான் இருக்கார். போய்க் கேளுங்க" என்றேன்.

அவர் முதலாளியின் அறைக்கதவைப் பார்த்தார். பிறகு டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

மகள் பிளஸ் டூ முடிக்கும்வரை அங்கேதான் இருந்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதலாளி கையால் புடவையும் பொரிகடலையும் வாங்கிக்கொண்டு, எல்லோரையும்போல 'வரேன் சார்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.