ஆறுமுகத்தாய் பார்த்த எட்டாவது இடம்

ஆறுமுகத்தாயை அடங்காதவள் என்று சொன்னவர்கள் எங்கள் தாராவியில் நிறையப் பேர். ஒரே வரிசைக் குடிசையில் அவளோடு பதினெட்டு வருஷம் இருந்தவள் நான். அவள் அடங்காதவள்தான். அதில் என்ன குற்றம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அவள் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், களக்காட்டுக்குக் கிழக்கே. பதினாறு வயதில் வாக்கப்பட்டுப் பம்பாய் வந்தாள். புருஷன் தோல் கிடங்கில் வேலை பார்த்தான். இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. காலையில் மாட்டுங்காவில் மூன்று வீடு, சாயங்காலம் ஒரு மெஸ், எல்லா இடத்திலும் அவளுக்கு மாவாட்டுகிற வேலை. ஆட்டி ஆட்டி வலது தோள் இடது தோளைவிடப் பருத்துப் போயிருந்தது. இருபது வருஷம் இருந்தும் அவள் பார்த்த பம்பாய் தாராவியிலிருந்து மாட்டுங்கா வரைக்கும்தான். கடலைக்கூட மாஹிம் பக்கம் சேறும் நாற்றமுமாகப் பார்த்ததோடு சரி.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம், மார்கழியில், பிரம்மநாயகம் அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டு விட்டார். அவர் மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். வருஷத்துக்கு ஒரு தடவை தமிழ் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வடக்கே யாத்திரை போவார். ரயிலில் ஒரு முழுப் பெட்டியையே வாடகைக்குப் பிடிப்பார். அந்தப் பெட்டியை ஒவ்வொரு ஊரிலும் கழற்றி, ஸ்டேஷன் ஓரத்தில் ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள். படுக்கை அதிலே, சமையல் அதன் பக்கத்திலே. அந்த வருஷம் நாற்பத்திரண்டு பேர். சமைக்க ஒரு சமையல்காரர்; ஆறுமுகத்தாய் மாவாட்ட வேண்டும், நான் காய் நறுக்க வேண்டும்.

கூலி என்ன என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"கூலி வேண்டாம் அண்ணாச்சி. அவுக பாக்கிற எல்லா எடத்தையும் நாங்களும் பாக்கணும். அதுதான் கூலி."

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "பாரேன் தாயி. கண்ணு உன்னுது. யாரு தடுக்கா?"

வெளியே வந்ததும் நான் அவள் கையில் கிள்ளினேன். "கோட்டிக்காரி! எனக்கும் சேத்தா நீ பேசுத?"

"கூலியக் கொண்டுபோயி என்னத்தட்டி வாங்கப் போற? அரிசிதான? அதுதான் போற எடத்துலயே சோறாக் கெடைக்குமே" என்றாள்.

யாத்திரைக்கு அண்ணாச்சி அச்சடித்த நோட்டீஸ் ஒன்று இருந்தது. ஆறுமுகத்தாய் மாவாட்டுகிற வீடுகளில் ஒன்று கோமதியம்மாள் வீடு. அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்ந்தவர். அவரும் யாத்திரைக்கு வருகிறவர். அவரை மூன்று தடவை அந்த நோட்டீஸை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மொத்தம் பதினோரு இடம். எங்களுக்கு எழுத்து ஒரு குச்சிகூடத் தெரியாது. ஆனால் பதினோரு இடமும் வரிசை மாறாமல் அவள் வாயில் நின்றது.

முதல் ஐந்து இடத்துக்கும் குறைவில்லாமல் போனோம். துவாரகையில் கடல் பார்த்தாள். "இதுதாம்ட்டி கடல், அங்க பாத்தது கழனித் தண்ணி" என்றாள். அகமதாபாத் வந்து, ராஜஸ்தானுக்குள் போனதும்தான் வினை ஆரம்பமானது.

வினை என்றால் குளிர். பம்பாயில் ராத்திரி ஆட்டி வைத்தால் விடியும்போது மாவு பானையைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இங்கே ஆட்டி வைத்த மாவு ஆட்டி வைத்தபடியே கிடந்தது. சாக்குப் போட்டு மூடினாலும், அடுப்பு ஓரத்தில் வைத்தாலும் அசையவில்லை. நாற்பத்திரண்டு பேரும் காலையில் இட்லி இல்லாமல் சாமியையே பார்க்க மாட்டோம் என்கிற ஆட்கள். தட்டில் இட்லி விழுந்தால் டொக் என்று சத்தம் கேட்டது. அண்ணாச்சி ஒரு யோசனை கண்டுபிடித்தார். காலையிலேயே ஆட்டி, பகல் முழுக்கப் பானையை வெயிலில் வைப்பது. அதனால் ஆறாவது இடத்துக்கு ஆறுமுகத்தாய் போகவில்லை. ஏழாவதுக்கும் போகவில்லை. காய் நறுக்க நானும் கூடவே இருந்தேன். குழவி சுற்றுகிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

எட்டாவது இடம் ஜோத்பூருக்கும் மேற்கே. பேர் அன்றைக்கும் என் வாயில் நுழையவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. கூடவே வழிகாட்டி ஒருவர்: ஒல்லியான உயரமான ஆள், சிவப்புத் தலைப்பாகை, கையில் கம்பு. பேர் ரோஷன். அண்ணாச்சி ஆட்களை எண்ணி எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். ஆறுமுகத்தாய் தலை சீவி, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

"நீ எங்க கெளம்பிட்ட?" என்றார் அண்ணாச்சி.

"எட்டாவது எடத்துக்கு."

"அரிசி ஊறிக் கெடக்கு. இப்ப ஆட்டி வெயில்ல வச்சாத்தான் நாளைக்காவது பொங்கும். நேத்து இட்லியக் கொண்டு எறிஞ்சிருந்தா நாய் செத்திருக்கும்."

"மத்தியானம் வந்து ஆட்டுதேன்."

"மத்தியானம் ஆட்டினா நாளைக்கு உப்புமாதான்."

"உப்புமா தின்னா என்ன அண்ணாச்சி? இந்த ஊருல நெல்லா வெளையுது? ரொட்டி திங்கிற ஊருல வந்து நின்னுக்கிட்டு இட்லி இட்லின்னா, மாவுக்கு எப்படிப் பொங்கத் தோணும்?"

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்குச் சிரிப்பு பிடிக்கவில்லை. "அங்க என்னத்த இருக்கு நீ பாக்க? வெறும் பாறை! உங்க ஊருல இல்லாத பாறையா?"

"வெறும் பாறைக்கா நாப்பது பேரக் கூட்டிட்டுப் போறிய?"

அப்புறம் அவள் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னாள்: "எட்டாவது இடம். பாலைவனத்தில் பல வர்ணப் பாறைகள். பஸ்ஸில் அரை நாள், வழிகாட்டியுடன். காணக் கிடைக்காத காட்சி."

ஜன்னலோரம் இருந்த கோமதியம்மாள் பைக்குள்ளிருந்து நோட்டீஸை எடுத்துக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "ஒரு எழுத்துப் பிசகல பிரம்மநாயகம்" என்றார்.

அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது. "ஏறினியோ, இந்த ஸ்டேஷன்லயே எறக்கி விட்டுட்டுப் போயிருவேன். பம்பாய்க்கு நடந்தே வந்து சேரு!"

எங்கள் டிக்கெட்டும் அவர் கையில்தான். ஆறுமுகத்தாய் திரும்பிப் பெட்டிப் பக்கம் நடந்தாள். அடங்கிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். இடுப்பில் பழைய துண்டில் சுற்றி எதையோ பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள். பார்த்தால் ஆட்டுரலின் குழவி.

"நான் இல்லாட்டா சமையல்காரர வச்சு ஆட்டிருவிய. அதான் இதுவும் எங்கூட எட்டாவது எடம் பாக்க வருது" என்றாள். "முப்பிடாதி, ஏறுட்டி!"

எனக்குப் பயம்தான். ஆனால் ஏறினேன். அண்ணாச்சி அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கவா முடியும்? அதற்குள் ரோஷன் கம்பால் பஸ்ஸைத் தட்டினார். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் பாறையில் நிறம் தெரியாது, சீக்கிரம் சீக்கிரம் என்று இந்தியில் கத்தினார். அண்ணாச்சி முன் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். பஸ் கிளம்பிவிட்டது.

ஒரு மணி நேர ஓட்டம். வழியெல்லாம் முள்ளும் மணலும். பிறகு ஒரு திருப்பத்தில் பஸ் நின்றது. ரோஷன் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் போனோம்.

நான் அதை எப்படிச் சொல்ல? ஜவுளிக்கடையில் சேலைகளை மடித்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்களே, அந்த மாதிரி மலையே அடுக்கடுக்காக நின்றது. அரைத்த மிளகாய் விழுது போல ஒரு அடுக்கு. அதற்கு மேல் மஞ்சள். அதற்கும் மேல் கத்தரிக்காய்த் தோல் நிறம். இடையில் சாம்பல் பூசின மாதிரி வெள்ளைக் கோடு. ரோஷன் கம்பை நீட்டி, இது யானை, இது ராஜாவின் கட்டில், இது ராணியின் செருப்பு என்று காட்டிக்கொண்டே போனார். எனக்கு யானை தெரிந்தது. கட்டில் தெரியவில்லை. ஆறுமுகத்தாயோ அவர் காட்டியதைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பாறையாகக் கையால் தடவிக்கொண்டு வந்தாள்.

பாதித் தூரத்தில் செருப்புக்குள் மணல் புகுந்து, மாட்டுங்காக்காரர்கள் ஒரு நிழலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாச்சி பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை. மேலே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, ஏற்றம் செங்குத்து, யார் வருகிறீர்கள் என்று ரோஷன் கேட்டார். ஐந்து பேர் எழுந்தோம். ஆறுமுகத்தாய் குழவியை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முதல் ஆளாக நடந்தாள்.

வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, துண்டு விலகித் தெரிந்த குழவியைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு கும்பிட்டாள். ரோஷனும் நின்று, இது எந்தச் சாமி என்று மரியாதையாகக் கேட்டார்: "மாஜி, யே கௌன்சா பகவான் ஹை?"

"பகவான் நஹி பையா. இட்லி கா பத்தர்" என்றாள் ஆறுமுகத்தாய், சாமி இல்லை, இட்லிக் கல் என்று.

அந்த மனுஷர் சிரித்த சிரிப்பில் கம்பை ஊன்றிக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அவள் சிரிக்கவில்லை. சிவப்புப் பாறையில் குழவியால் லேசாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். "இது ஆகாது. மாவுல மண்ணு விடும்." மஞ்சளைத் தட்டினாள். "இதும் பொருபொருன்னு இருக்கு." கடைசியில் அடிவாரத்தில் கறுப்பாகக் கிடந்த ஒன்றைத் தட்டினாள். கணீர் என்றது. "இதுதாம்ட்டி கல்லு!"

அவள் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த தாராவி இந்தியில் சொன்னேன். ரோஷனுக்கு முகம் மாறிவிட்டது. கம்பு மாவு அரைக்கிற திருகைக்கு எங்கள் ஊரில் அந்தக் கல்லைத்தான் கொத்துவோம், இத்தனை வருஷமாகக் கூட்டி வந்ததில் ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை என்றார். அதற்கப்புறம் யானையையும் செருப்பையும் விட்டுவிட்டார். எந்தக் கல் எந்த வேலைக்கு, எந்த நிறத்து மண்ணால் வீட்டுச் சுவர் பூசுவார்கள் என்று அவளுக்கே சொல்லிக்கொண்டு வந்தார்.

மேலே போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்தோம். எல்லா நிறமும் கீழே இறங்கிப் போய் ஒன்றாகக் கலந்து கிடந்தது. அவள் குழவியைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் நின்றாள்.

"இவ்வளவையும் வச்சிக்கிட்டு வெறும் பாறைங்காரே!" என்றாள்.

"அவரு எறக்கி விட்டுட்டா என்னட்டி செய்ய?" என்றேன் நான்.

"எறக்கட்டும். தமிழன் இல்லாத ஊரு எது? ஊரூரா மாவாட்டிக்கிட்டே பம்பாய் போயிருவேன். நீ வாரியா, இல்ல அவருகூடவே போறியா?"

நான் வருகிறேன் என்றேன். சத்தியமாக அந்த நேரத்தில் எனக்குப் பயமே இல்லை.

மத்தியானம் ஸ்டேஷன் திரும்பியதும் அவள் முதல் வேலையாகக் குழவியைக் கழுவி, உரல் குழியில் கொண்டுபோய் வைத்தாள். "களவாணிப் பட்டம் வேண்டாம். உங்க கல்லு, இந்தா இருக்கு" என்றாள்.

"ஆட்டு" என்றார் அண்ணாச்சி.

"மிச்ச மூணு எடமும் பாக்கலாம்னு சொல்லுங்க. ஆட்டுதேன்."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப நானும் ஆட்ட மாட்டேன்."

அண்ணாச்சி அவளுடைய துணிமூட்டையைத் தூக்கி பிளாட்பாரத்தில் வைத்தார். அவள் அதன்மேல் உட்கார்ந்தாள். நானும் என் மூட்டையை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சமையல்காரர் ஒரு ஈடு ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். நாலு மணிக்கு எஞ்சின் வந்து பெட்டியை மாட்டியது. நாற்பத்திரண்டு பேரும் ஜன்னல் வழியாக எங்களையே பார்த்தார்கள். கார்டு பச்சைக்கொடியை எடுத்தபோது அண்ணாச்சி வாசலில் நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஏறித் தொலைங்க. பொம்பளையள எறக்கிவிட்ட பாவம் எனக்கு வேண்டாம்" என்றார்.

ஏறினோம். ஆனால் மூன்று இடத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. அதனால் அவளும் ஆட்டவில்லை. மிச்ச நாளெல்லாம் உப்புமா. அவள் என்னோடு உட்கார்ந்து காய் நறுக்கினாள், பாத்திரம் கழுவினாள், தண்ணீர் சுமந்தாள். பஸ் வந்தால் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றையும் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பம்பாய் வந்ததும் அண்ணாச்சி சொல்லி மாட்டுங்காவில் இரண்டு வீடு அவளை நிறுத்தின. கோமதியம்மாள் வீடு மட்டும் நிறுத்தவில்லை. ஆன்டாப் ஹில் வரைக்கும் நடந்து போய் வேறு இடம் பிடித்தாள். அதற்காக ஒரு நாள்கூட அழவில்லை. ஆனால் கடைத்தெருவில் அண்ணாச்சியைக் கண்டால் விட மாட்டாள். எத்தனை பேர் நின்றாலும் சரி, "அண்ணாச்சி, ஆறாவதும் ஏழாவதும் நான் இன்னும் பாக்கல" என்பாள். அவர் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

இப்படி இரண்டு வருஷம். ஒரு நாள் அவர் குடையை மடக்கிவிட்டு நின்றார்.

"தாயே, உன் வாயில விழ எனக்குச் சீவன் இல்ல. இந்த மார்கழிக்கும் அந்தப் பக்கந்தான் போறேன். வா. ஆட்ட வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சும்மா வந்து பாத்துட்டுப் போ."

"சும்மா என்னத்துக்கு வாரேன்?" என்றாள் ஆறுமுகத்தாய். "ஆட்டுவேன். பாத்துட்டு வந்துதான் ஆட்டுவேன்."