லீதியாள் மதினியின் படுத்த கார்

நரிக்குடியில் என் உரக்கடை முன்னால் பஸ் நிற்காது. நிறுத்தம் ஒரு கூப்பிடு தூரம் தள்ளி இருக்கிறது. போன மாதம் ஒரு காலையில் அருப்புக்கோட்டை போகும் பஸ் என் கடை வாசலிலேயே வந்து நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அண்ணாச்சி, ஒங்க மதினி தவறிட்டாக. எதுத்தாப்ல வந்த பஸ்ஸுக்காரன் சொன்னான். ஏறுங்க."

நான் கடையைப் பூட்டி வரும்வரை பஸ் முழுக்கக் காத்திருந்தது. நூறு பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. உட்கார இடம் கொடுத்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் பக்கத்திலேயே நின்றேன்.

"எவன் ஹாரன் அடிச்சாலும் நான் வழி விட மாட்டேன் அண்ணாச்சி," என்றார் அவர். "ஒங்க மதினி காருல வந்து அடிச்சா மட்டும் விட்ருவேன்."

"ஏன்?"

"விடலேன்னா காட்டுக்குள்ள எறக்கிப் போயிருவாகளே!"

அவர் சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

சில நாள் காய்ச்சல், அவ்வளவுதான். வீட்டுக்குள் போனபோது வெள்ளைச் சேலை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். எங்கள் லீதியாள் மதினி சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவரை அறிந்த நீங்கள் எல்லாரும் ஆளுக்கொன்று சொல்வீர்கள். பாட்டு நன்றாகப் பாடுவார், மீன் குழம்பு நன்றாக வைப்பார் என்பீர்கள். அந்தக் காரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன்தான். ஆனால் அந்த வண்டியின் இடது சீட்டில் என்னளவு உட்கார்ந்தவன் இந்த ராமநாதபுரம் ஜில்லாவிலேயே கிடையாது.

மதினி மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். அப்பா தோட்டத்து லாரி டிரைவர்; மகளுக்குப் பாவாடை வயதிலேயே ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார். வளைவும் ஏற்றமுமாகப் பார்த்துப் பழகியவரை எங்கள் அண்ணன் தேவசகாயம் கட்டிக்கொண்டு வந்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மட்டமாக வானம் வரை கரிசல் கிடக்கிற ஊரில் இறக்கிவிட்டார். அண்ணனுக்குப் பருத்திக் கமிஷன் கடை. வீடு நிறைய ஆள், வேலை நிறைய. மதினி வேலையெல்லாம் முடித்துவிட்டு மத்தியானம் நரிக்குடி பஸ்ஸில் ஏறுவார். கடைசி நிறுத்தம் வரை போவார். இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புவார்.

"எங்க போயிட்டு வாரீக மதினி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பஸ்ஸு போன எடத்துக்கு," என்றார். "ஒரே எடத்துல கெடந்தா எனக்கு மூச்சு முட்டுது கொழுந்தனாரே."

அறுபதுகளின் நடுவில் ஒரு நல்ல வருஷம் வந்தது. பருத்தி விலை ஏறியது. அண்ணன் ஒரு பழைய கார் வாங்கலாம் என்றார். மதுரையில் ஒரு புரோக்கர் கொட்டகைக்கு மூவரும் போனோம். இரண்டு பெரிய கறுப்புக் கார்கள் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு நின்றன. மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒன்று கிடந்தது. இரண்டே சீட்டு, துணிக்கூரை, நீண்ட மூக்கு, சைக்கிள் மாதிரி கம்பிச் சக்கரம். சீமையில் பந்தயத்தில் ஓடிய வண்டி என்றார் புரோக்கர். ராஜகுடும்பத்தில் இருந்த வண்டி என்று நான் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன், அப்படியும் இருந்திருக்கலாம்.

மதினி கொண்டையூசியை எடுத்துக் கறுப்புக் காரின் கதவோரம் கீறினார். துருவை மூடிப் பூசியிருந்த மாவு வெள்ளையாக உதிர்ந்தது. "பவுடர் போட்ட மூஞ்சி," என்றார். பிறகு அந்தச் சின்ன வண்டியைச் சுற்றி வந்தார். அங்கங்கே துரு, ஒட்டுப்போட்ட கூரை. ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் புகைக்குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இதை எடுப்போம்."

"துருப்பிடிச்சுக் கெடக்கேம்மா!" என்றார் அண்ணன்.

"அது வெளிய தெரியுதுல்ல. தெரியிறத நாம பாத்துக்கலாம். மூடி வச்சிருக்கிறவனத்தான் நம்பக் கூடாது."

"ரெண்டு பேரு ஒக்கார்ற வண்டி. வீட்ல பதினோரு பேரு."

"ஒவ்வொருத்தரா வரட்டும்."

அண்ணன் கனத்த உடம்பு. ஒரு தடவை உட்கார்ந்துதான் பார்ப்போமே என்று உள்ளே இறங்கினார். இறங்கியவரால் எழ முடியவில்லை. புரோக்கரும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம், சீட்டு விடவில்லை. கடைசியில் அண்ணன், "விடுங்கலே, வீட்ல போயி எறங்கிக்கிடுதேன்" என்றார். அப்படித்தான் அந்த வண்டி எங்களுடையது ஆனது. நான் மடித்த கூரைமேல் உட்கார்ந்து, மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வரை காற்றில் பறந்து வந்தேன். வழியில் இரண்டு லாரியையும் ஒரு ரயிலையும் முந்தினோம்.

ஊர் அதற்குப் படுத்த கார் என்று பெயர் வைத்தது. அந்த வண்டியை ஓட்டுவது ஒரு பிழைப்பு. மாட்டுவண்டித் தடத்தில் இறங்கினால் நடுவிலுள்ள மேடு அடிவயிற்றைக் கிழிக்கும். அதனால் ஒரு சக்கரத்தை மேட்டிலும் ஒன்றை ஓரத்திலும் வைத்துச் சாய்த்தே ஓட்டுவார் மதினி. கரிசல் தூசி எஞ்சினுக்குள் போகாமல் எங்கள் கடைப் பஞ்சையே துணியில் கட்டிக் காற்று இழுக்கும் வாயில் வைத்தார். ரேடியேட்டர் கொதிக்கும் என்பதால் என் மடியில் எப்போதும் ஒரு தண்ணீர்க் குடம். செல்ஃப் என்றைக்கும் எடுக்காது; உருட்டி விட்டுத்தான் கிளப்ப வேண்டும். நம் பக்கத்தில் சரிவுக்கு எங்கே போவது? கண்மாய்க் கரை ஒன்றுதான் மேடு. ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் மதினி வண்டியைக் கரைமேல் ஏற்றித்தான் நிறுத்துவார். ஊர் ஊராகப் போய்ப் பருத்தி மாதிரிகளை வாங்கி வருவது அவர் வேலையாயிற்று. கைப்பிடிப் பஞ்சைத் துணியில் முடிந்து, ஊர்ப் பெயர் சொல்லி என் மடியில் எறிவார். அண்ணனுக்கு வியாபாரம் கூடியது. மதினி பஸ்ஸில் ஏறுவதை விட்டார்.

ஒரு நாள் நரிக்குடிக் கரையில் நான் சீட்டில் கண்ணயர்ந்திருந்தேன். வண்டி தானாக உருண்டுவிட்டது. முன்னால் ஆட்டு மந்தை. நான் ஸ்டீயரிங்கைப் பாய்ந்து பிடித்து, இருநூறு ஆட்டுக்கு நடுவில் ஒரு குட்டியின் வால்கூடப் படாமல் கொண்டுபோய் ஒரு வரப்பில் நிறுத்தினேன். அடியில் எண்ணெய்த் தொட்டி ஓட்டையாகிவிட்டது. ஓடி வந்த மதினி, "கொழுந்தனாரே, நீங்க ஓட்டல. அதுதான் ஒங்களக் கூட்டிட்டுப் போயிருக்கு" என்றார்.

அன்று மாடு கட்டி இழுத்து வந்தோம். அதற்கு முன்னால் திருச்சுழி ரோட்டில் கொதித்து நின்றபோதும் மாடுதான். இரண்டு தடவையும் பஜார் வழியாக, எல்லாக் கடைக்காரரும் எழுந்து நின்று பார்க்க. எதிர்க்கடை எண்ணெய் வியாபாரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

"என்ன அண்ணாச்சி, காருக்குப் பெட்ரோலை நிப்பாட்டிட்டுப் பருத்திக்கொட்டை வைக்கிறீகளாமே?"

பஜாரே சிரித்தது. அண்ணன் உள்ளே வந்து துண்டை உதறிப் போட்டார். "இன்னொரு தடவ அந்த வண்டி மாடு இழுத்து இந்த பஜாருக்குள்ள வந்துச்சு, மறுநாளே வித்துருவேன். சொல்லிட்டேன்." அவர் சொன்னால் சொன்னதுதான். அன்று சமையலறையில் மதினி பாத்திரம் வைக்கிற சத்தம் வேறு மாதிரி கேட்டது.

அதன்பிறகு மதினி அந்த வண்டியைக் கைக்குழந்தை மாதிரிதான் ஓட்டினார். மாசி மாதம் ஒரு மத்தியானம், பரளச்சிப் பக்கம் பருத்தி மாதிரிகளை வாங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரோடு முழுக்கக் குதிரைவாலிக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறிப்போனால் தானியம் உதிரும். நம் பக்கத்தில் அதுதானே களம். அன்று பஸ் வரவில்லை. தெற்கே வானம் இருண்டு நின்றது. கதிரை அள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் பெண்கள் வாரியலும் கையுமாக நின்றார்கள்.

மூக்கம்மா என்று ஒருவர் ரோட்டின் நடுவில் வந்து கையை விரித்து மறித்தார். "யம்மா, பஸ்ஸைக் காணோம். மழை விழுந்தா அம்புட்டும் மொளச்சுப் போகும். மேல நாலு ஓட்டம் ஓட்டிக் குடுத்துட்டுப் போங்க."

"இந்தக் காரா?" என்றார் பக்கத்தில் நின்ற கிழவர். "இது கதிருக்கு அடியில போயிருமே!"

நான் மதினியின் காதில் சொன்னேன்: "வேண்டாம் மதினி. வைக்கோல் அச்சுல சுத்தும். முன்னயும் பின்னயும் போனா கிளட்ச் கருகிரும். நின்னுச்சுன்னா மாடுதான். அண்ணன் வித்துருவாரு."

"தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுமா?"

"வண்டிய வச்சுக்கிட்டு இவுக வயித்துப்பாட்ட விட்டுட்டுச் சுத்திப் போகச் சொல்றீகளா?"

கதிர்மேல் ஏற்றினார். திரும்ப இடமில்லை; இரண்டு பக்கமும் குவியல். முன்னால் போய், அப்படியே ரிவர்ஸில் வந்து, மறுபடி முன்னால். பெண்கள் பின்னாலேயே ஓடிப் புரட்டிப் போட்டார்கள். எத்தனை ஓட்டம் என்று யார் எண்ணினார்கள்? ஐம்பது இருக்கும். அடியிலிருந்து முதலில் வைக்கோல் வாசனை வந்தது, பிறகு கருகல் வாசனை, பிறகு புகை. கடைசிக் குவியலையும் மிதித்த பிறகுதான் வண்டி ஒரு முனகல் முனகி நின்றது.

தானியத்தைத் தூற்றி மூட்டை கட்டினார்கள். வானம் என்ன செய்தது தெரியுமா? அப்படியே நகர்ந்து ராமநாதபுரம் பக்கம் போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை.

மூக்கம்மா வானத்தைப் பார்த்து ஏசினார். அதை இங்கே எழுத முடியாது. அரிவாளால் அச்சிலிருந்த வைக்கோலை அறுத்து எடுத்தார்கள். சக்கரம் உருண்டது, கிளட்ச் போனது போனதுதான். கிழவர் ஒரு ஜோடி மாட்டைப் பிடித்து வந்தார். மதினி அந்த மாடுகளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை. அண்ணன் சொன்னதை ஒன்று விடாமல் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மூக்கம்மா முந்தானையை இடுப்பில் செருகினார். "மாடுதான கூடாதுன்னாரு? மனுசங் கூடாதுன்னாரா? ஏட்டி, எல்லாரும் வாங்கடி!"

தள்ளினார்கள். அடுத்த ஊர் எல்லை வரை இவர்கள். அங்கே விஷயம் கேட்டு அந்த ஊர்க்காரர்கள். இப்படி ஊர் மாற்றி ஊர்; தள்ளி முடித்த பலர் கூடவே வந்தார்கள், மூக்கம்மா தோளை எடுக்கவே இல்லை. மதினி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "போதும் தாயி, போதும்யா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பானெட்டில் ஏறி நின்று வழி விலக்கினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு பஜாருக்குள் நுழைந்தபோது முந்நூறு பேர் இருந்தோம். மதினி பிற்பாடு எப்போதும் முப்பது என்பார். அவர் ஸ்டீயரிங்கில் இருந்தவர், பின்னால் எப்படித் தெரியும்?

அண்ணன் கடைப்படியில் வந்து நின்றார். எதிர்க்கடைக்காரர் வாயைத் திறக்கும் முன்னால் மூக்கம்மா அவரைப் பார்த்தார்; அவர் மூடிக்கொண்டார்.

"ஏலே, மாடு எங்க?" என்று என்னைக் கேட்டார் அண்ணன்.

"மாடு வரல."

அண்ணன் வண்டியைப் பார்த்தார். புழுதி படிந்த அத்தனை முகத்தையும் பார்த்தார். மதினியைப் பார்க்கவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படி இறங்கி வந்தார். வண்டியின் பின்பக்கம் போய் மூக்கம்மா பக்கத்தில் தோளைக் கொடுத்தார். எங்கள் வண்டிக் கொட்டகை வரைக்கும் தள்ளினார். பிறகு எல்லாருக்கும் காப்பி போடச் சொன்னார். வண்டியை விற்பது பற்றி அந்த வீட்டில் அதன்பிறகு யாரும் பேசவில்லை. அது இன்னும் பல வருஷம் ஓடியது.

அடக்கம் முடிந்து வந்தபோது, மதினியுடையது ஏதாவது வேண்டுமா என்று அண்ணன் கேட்டார். வேதாகமத்தை அவருடைய தங்கை எடுத்துக்கொண்டார். பாட்டுப் புத்தகத்தைச் சபைக்குக் கொடுத்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கதிர்மேல் ஓட்டிய அன்று ரிவர்ஸ் எடுக்கும்போது என் சீட்டின் முதுகில் கையைப் போட்டுக்கொண்டு மதினி பின்னால் திரும்பினார். தலைமுடியெல்லாம் உமி. வண்டி கையைவிட்டுப் போகப்போகிறது என்று அவருக்குத் தெரியும். புகை கண்ணில் ஏறிக்கொண்டிருக்கிறது. மேகத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இன்னும் எவ்வளவு கதிர் கிடக்கிறது என்று மட்டும் பார்த்தது அந்த முகம். அது என்னிடம் இருக்கிறது.