மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது

அந்த இறையியல் கல்லூரியில் படித்து முடித்தவர்களுக்குப் பெயர் கிடையாது. வீட்டில் உண்டு, அடையாள அட்டையில் உண்டு. முன்னாள் மாணவர் மடலில் மட்டும் இல்லை. பெயரை அச்சில் பார்த்தால் மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறும் என்று கல்லூரியைத் தொடங்கிய பெரியவர் நினைத்தார். அதனால் வகுப்புப் படத்தில் நின்ற இடத்தைச் சொல்லித்தான் செய்தி போடுவார்கள். “இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாவது: பேரன் பிறந்திருக்கிறான், ஸ்தோத்திரம்.” பெயர் போனதே தவிர தலைக்கனம் போகவில்லை. நடுவில் நின்றவர்கள் ஓரத்தில் நின்றவர்களை இன்றைக்கும் ஒரு தினுசாகத்தான் பார்ப்பார்கள்.

இந்த மடலை முப்பது வருடமாகத் தட்டச்சு செய்தவள் அக்கா. முதல்வருக்கும் அக்கா, வாட்ச்மேனுக்கும் அக்கா. மாடிப்படிக்கு அடியில் அவள் அறை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் என்பதால் அவள் உட்கார்ந்தே காலம் தள்ளினாள். யாருக்கு எந்த ஊருக்கு மாற்றல், யார் மகளுக்கு எப்போது கல்யாணம், யார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். ஆனால் அவள் அங்கே ஒரு நாளும் படித்தவள் இல்லை. அதனால் அவளுக்குக் கல்யாணம் ஆனதும் மகள் பிறந்ததும் மடலில் வரவில்லை. “எனக்கெதுக்குங்க அதெல்லாம்” என்பாள். வாய்தான் அப்படிச் சொல்லும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே அந்தப் பிசகு நடந்தது. அப்போதுதான் வெளியேறியிருந்த வகுப்பின் படத்தில் இருபத்துமூன்று தலைகள் இருந்தன. திரும்பி வந்த செய்தி அட்டைகள் இருபத்திரண்டு. மூன்றாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவதாக நின்ற ஒல்லி இளைஞனிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. இடத்தைக் காலியாக விடலாமா என்று முதல்வரிடம் கேட்டாள். காலியாக விட்டால் அவர் விசுவாசத்தை விட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் பேசும், எதையாவது விசாரித்துப் போடு என்றார் அவர். வகுப்புத் தோழர்களுக்குப் போன் போட்டாள். ஒருவராவது ‘தெரியாது’ என்று சொல்ல வேண்டுமே. கூடப் படித்த சகோதரனை மறந்துவிட்டேன் என்று ஒரு போதகர் எப்படிச் சொல்வார்? “ஓ, அவரா, அருமையான ஜெப வீரர்” என்றார் ஒருவர். நல்லாப் பாடுவார் என்றார் இன்னொருவர். எங்கே இருக்கிறார் என்று கேட்டதும் எல்லாருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

அச்சகத்திலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றார். அக்காவுக்கோ அன்றைக்குச் சளி. “மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது: தூரத்துத் தீவு ஒன்றில் ஊழியம். நெஞ்சுச் சளி நீங்க ஜெபிக்கவும்” என்று தட்டிக் கொடுத்துவிட்டாள். தீவு யோசனை அவள் கணவருடையது. அவர் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அந்தத் தீவுக்குப் போகும் கடிதம் எட்டு மாதம் கழித்துத்தான் திரும்பி வரும் என்று முந்தின வாரம் சாப்பிடும்போது சொல்லியிருந்தார்.

இருபத்திரண்டு சபைகள் அவருடைய சளிக்காக ஜெபித்தன. அக்காவின் சளி மூன்றே நாளில் நின்றது. சும்மா இருப்பாளா?

அடுத்த மடலில் ஐந்தாவது சகோதரரின் கூரை ஒழுகியது. அது அக்கா வீட்டுக் கூரை. பிறகு அவர் பூனை ஐந்து குட்டி போட்டது. “தீவில் வளரும் ஒரு பெண்பிள்ளை கணக்குப் பாடத்தில் தேற ஜெபிக்கவும்” என்று ஒரு வருடம் வந்தது. நாடெங்கும் முழங்கால்கள் மடங்கின, அக்காவின் மகள் முப்பத்தெட்டு வாங்கித் தேறினாள். ஊழியக்காரருக்கு இவ்வளவு வீட்டுக் கவலையா என்று யாரும் கேட்கவில்லை. மற்றவர்கள் மாநாடு, சபை வளர்ச்சி என்று எழுதிக்கொண்டிருக்கையில் இவர் ஒருவர்தான் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று உண்மையைச் சொன்னார். மடல் வந்ததும் எல்லாரும் முதலில் அவரைத்தான் தேடிப் படித்தார்கள். முகவரி தெரியாமல் கல்லூரிப் பெயரையும் சேர்த்து எழுதியதால், தீவுக்குப் போய் ஆளில்லாமல் திரும்பிய கடிதங்கள் கல்லூரிக்கு வந்தன, கல்லூரிக்கு வந்ததெல்லாம் மாடிப்படிக்கு அடியில் இருந்த அக்காவிடம் வந்தது. மனசு கேட்காமல் அக்கா ஐந்தாவது சகோதரரே எழுதுவது போலப் பதில் போட்டாள்.

வினை அந்த வகுப்பின் முப்பதாம் ஆண்டு விழாவில் வந்தது. வகுப்புச் செயலர் ஒருவர் உண்டு. முதல் வரிசையில் இரண்டாவதாக உட்கார்ந்தவர், அதனால் எல்லாருக்கும் ‘ஒண்ணு-ரெண்டு ஐயா’. அவர் விழாக் குழுவைக் கூட்டினார். சிறந்த முன்னாள் மாணவர் விருது ஐந்தாவது சகோதரருக்கே என்று முடிவானது. நேரில் அழைத்துவர இரண்டு பேர் கப்பலில் தீவுக்குப் போவதாகவும் தீர்மானம். அதைத் தட்டச்சு செய்ய அக்காவிடமே கொடுத்தார்கள். அந்த மாதக் கடைசியில் அவளுக்கு ஓய்வு. கப்பல் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் முப்பது வருட நல்ல பெயர் காற்றில் பறந்துவிடும். பொய்க்காரி என்று பட்டம் கட்டி அனுப்புவார்கள். ஒரே வழிதான் இருந்தது. தீர்மானத்தை ஓரமாக வைத்துவிட்டு, “மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது: கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்று தட்டினாள். தட்டிவிட்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி மேசையில் தலைவைத்து அழுதாள். கொன்றவளே அழுதால் யார் தேற்றுவது?

விழா நினைவுக்கூட்டமாக மாறியது. வகுப்புப் படத்திலிருந்து அந்த ஒல்லி முகத்தை மட்டும் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மேடையில் நிறுத்தினார்கள். ஒவ்வொருவராக மைக்குக்கு வந்தார்கள். அதிகாலையில் ஜெபத்துக்கு எழுப்பிவிட்டவர் அவர்தான் என்றார் ஒருவர். தன் அறையில் ஒரே சோப்பை இரண்டு வருடம் பங்கிட்டோம் என்று இன்னொருவர் விம்மினார். அதற்கு அடுத்தவர், அவர் தன் அறையில்தான் இருந்தார் என்று சற்றுக் கோபமாகவே சொன்னார். கடைசி வரிசையில் அக்கா முந்தானையை வாயில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அப்போது மைக் கரகரத்தது. சரி செய்ய மைக் செட்காரர் மேடை ஏறினார். நரைத்த மீசை, சரிந்த தொப்பை. ஒயரைக் குனிந்து திருகியவர் நிமிர்ந்தபோது எதிரே படம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கையிலிருந்த மைக் அதற்குள் சரியாகியிருந்தது.

“இது நான்தானே?” என்றது அரங்கம் முழுக்கக் கேட்டது.

ஒண்ணு-ரெண்டு ஐயாதான் முதலில் எழுந்தார். மரித்தவர் உயிரோடு வருவதை மறுக்கும் தொழில் அல்ல அவருடையது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். தீவிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று கேட்டார்.

“தீவா? நான் பின்னாடி தெருதாங்க. அன்னிக்கு ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தேன். போட்டோக்காரரு, பின்வரிசையில ஒரு இடம் காலியா இருக்கு, போய் நில்லுன்னாரு. நின்னேன்.”

சோப்பைப் பங்கிட்டவர் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். ஒண்ணு-ரெண்டு ஐயா கட்டிப்பிடித்த கையை மெல்ல எடுத்தார். சட்டைப்பையிலிருந்து பழைய கடிதம் ஒன்றை எடுத்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது.

“என் வீட்டுக்காரம்மா போனப்ப தீவுலேர்ந்து இந்த லெட்டர் வந்துச்சு. அழுகை வந்தா அழுங்க, அப்புறம் பிரசங்கம் பண்ணிக்கலாம்னு எழுதியிருந்துச்சு. எல்லாரும் வசனம் அனுப்பினாங்க. இது ஒண்ணுதான் என்னை எழுப்பி உக்கார வச்சுச்சு. இதை எழுதினது யாரு?”

அக்கா எழுந்தாள். ஓடிவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தாள்.

“நான்தாங்க ஐயா. பல் வலியும் என்னோடதுதான். மன்னிச்சிருங்க.”

“பூனை?”

“அதுவும் எங்க வீட்டுதுங்க.”

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். வாய் கோணியது. திட்டப்போகிறார் என்று அக்கா தலையைக் குனிந்தாள். முப்பது வருடமாக உனக்காகவா ஜெபித்தோம் என்று கேட்டார், கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. கணக்கில் தேறிய பெண் இப்போது என்ன செய்கிறாள் என்று எங்கிருந்தோ ஒருவர் கேட்டார். வங்கியில் கணக்கராக இருக்கிறாள் என்றாள் அக்கா. ஸ்தோத்திரம் என்று பாதி அரங்கம் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

பிறகு மூன்று மணி நேரம் விதிமுறையைப் பற்றிச் சண்டை நடந்தது. போதகர்கள் கூடினால் அது இல்லாமலா. படிக்காதவளுக்கு மடலில் இடமில்லை என்றார்கள் சிலர். படத்தில் நின்றவரும்தான் படிக்கவில்லை என்றார்கள் மற்றவர்கள். மைக் செட்காரரிடமே கேட்டார்கள். இடத்தை அக்காவே வைத்துக்கொள்ளட்டும், தனக்கு அந்தப் பெரிய படம் மட்டும் போதும் என்றார் அவர். “சின்ன வயசு போட்டோ எங்கிட்ட ஒண்ணுகூட இல்லைங்க.” படத்தைக் கூட்டமே தூக்கிப் போய் அவர் வண்டியில் ஏற்றியது.

மாதக் கடைசியில், ஓய்வு பெறும் நாளன்று, அக்கா தன் கடைசி மடலைத் தட்டினாள். எல்லார் செய்தியையும் முடித்த பிறகு ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தாள். தட்டுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது: உயிரோடு இருக்கிறாள். நாளை பல் பிடுங்குகிறார்கள். ஜெபிக்கவும்.”