பூட்டிய அறையிலிருந்து ஓர் இணைப்பு

அந்த லைப்ரரியை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பைதானில் எழுதிய புரோகிராம் ஒரு டேட்டாபேஸோடு பேச வேண்டுமென்றால் நடுவில் ஒரு லைப்ரரி, அதாவது யாரோ எழுதிவைத்த துணைப் புரோகிராம், தேவை. அதை நிறுவினால்தான் உள்ளே இருக்கும் பதிவுகளைப் படிக்கவோ மாற்றவோ முடியும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். நான் அதோடு நாலு நாள் மல்லுக்கட்டினேன்.

நல்லம்பள்ளியில் இருந்த ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை லேபுக்கான வேலை அது. பெங்களூரு வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடி இப்படிச் சில வேலைகளை ஏற்றுக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஆறாவது மாதம். லேபை நடத்தியவர் ஓய்வுபெற்ற நர்ஸ். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அங்கிருந்த பழைய புரோகிராமுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மசக்கைக் காலத்திலிருந்து எனக்கு ரத்தம் எடுத்ததும் அங்கேதான். ஆகவே அந்த டேட்டாபேஸில் நானும் ஒரு பதிவு.

லேபில் ஒரே ஒரு டெக்னீஷியன். பின்னறையில் உட்கார்ந்திருப்பார். பேச்சு மிகக் குறைவு. பத்து வார்த்தை கேட்டால் ஒன்று பதிலாக வரும். ஆனால் அவர் ஊசி குத்தினால் வலிக்காது. அந்த வியாழக்கிழமை மாலை அவர் பைக்கில் வீட்டுக்குப் போகும்போது தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று பின்னாலிருந்து வந்து மோதியது. அந்த இடத்திலேயே போய்விட்டார். மறுநாள் என்னால் போய்ப் பார்க்க முடியவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று மாமியார் தடுத்துவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை தர்மபுரியிலிருந்து தற்காலிகமாக ஒரு டெக்னீஷியன் வருவதாக இருந்தது. அதற்குள் புதிய புரோகிராம் ஓட வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டதால் ஞாயிறு மதியம் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முன்னறையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். பின்னறை பூட்டியிருந்தது.

“பதினாறு கழியற வரைக்கும் அவரு மேஜை, சேரு எதையும் தொட வேணாம்னு அவங்க வூட்டுல சொல்லிட்டாங்கம்மா. வெள்ளிக்கெழமை காலையில பூட்டுனதுதான்” என்றார் அக்கா.

லைப்ரரி வழக்கம்போல அடம்பிடித்தது. முதலில், ஏதோ ஒரு கோப்பு இல்லை என்றது. தேடிப் போட்டேன். பிறகு, இந்தப் பதிப்பு இந்த மெஷினுக்குப் பொருந்தாது என்றது. கழற்றிவிட்டு வேறு பதிப்பைப் போட்டேன். மூன்றாவது முயற்சியில் ஒருவழியாக இணைந்தது. பெயர், வயது, முகவரி எல்லாம் திரையில் வரிசையாக வந்தன. நிம்மதியாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

படிக்கிறது, சரி, மாற்றுமா? சோதித்துப் பார்க்க மற்றவர்கள் பதிவில் கைவைப்பது என் வழக்கமில்லை. என் பதிவையே எடுத்தேன். முகவரியின் கடைசியில் ஒரு புள்ளி சேர்க்கச் சொல்லி என்டரைத் தட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. எர்ரர் வந்தாலாவது பரவாயில்லை, அது ஒரு பதில். இது சும்மா நின்றுகொண்டிருந்தது. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். மறுபடியும் நின்றது. லைப்ரரியை வாய்க்கு வந்தபடி ஏசி, முழுதாக நீக்கி, மீண்டும் நிறுவினேன். அதே கதை. கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அக்காவின் பதிவில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். கண் இமைப்பதற்குள் முடிந்தது. இன்னொருவர் பதிவிலும் முடிந்தது. என் பதிவு மட்டும் நகரவில்லை.

அப்படியென்றால் தவறு லைப்ரரியில் இல்லை. யாரோ என் பதிவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஒரு பதிவைத் திருத்திக்கொண்டிருந்தால், அவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். இப்போது யார் யார் இணைந்திருக்கிறீர்கள் என்று டேட்டாபேஸிடமே கேட்டேன். இரண்டு வரி வந்தது. ஒன்று நான். இன்னொன்றில் டெக்னீஷியனின் பெயர் இருந்தது. வியாழன் மாலை ஆறு மணி நான்கு நிமிடத்திலிருந்து என் பதிவைத் திறந்து வைத்திருக்கிறார், இன்னும் முடிக்கவில்லை என்று காட்டியது.

வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை புரண்டது.

“அக்கா, பின் ரூம்ல யாராச்சும் இருக்காங்களா?”

“பூட்டிக் கெடக்குது. யாரு இருப்பா? என்னம்மா இப்புடிக் கேக்குற?”

காரணம் எனக்குத் தெரியும். மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். கம்ப்யூட்டர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அறிவுக்கு அது புரிந்தது. ஆனால் உடம்பு கேட்கவில்லை. அந்தப் பூட்டிய கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

ஒரே ஒரு கட்டளை போதும், அவர் இணைப்பு அறுந்துவிடும். அதைத் தட்டச்சும் செய்துவிட்டேன். என்டரைத் தட்டத்தான் விரல் போகவில்லை. அறுத்தால் உள்ளே இருக்கும் பழைய புரோகிராம் அப்படியே மூடிக்கொள்ளும். அவர் என்ன அடித்து வைத்திருந்தாரோ அதுவும் போய்விடும். சேமிக்கும்வரை அது வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. சாவதற்குச் சற்று முன் ஒரு மனிதர் என்னைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார். என் ரத்தத்தைப் பற்றி. என் பிள்ளையைப் பற்றியும் இருக்கலாம். அது என்னவென்று தெரியாமல் எப்படி அறுப்பேன்?

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஃபேன் மெல்ல நின்றது. டேட்டாபேஸ் இருந்த சர்வரும் சாம்பிள் வைக்கும் ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரில் ஓடின. அந்த நிசப்தத்தில் பூட்டிய அறைக்குள்ளிருந்து ‘பீப்’ என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. அக்கா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“யூபிஎஸ் கத்துதுக்கா. பேட்டரி தீந்தா எல்லாம் போயிரும். சாவியக் குடுங்க.”

“வேணாஞ்சாமி. பதினாறு கூட ஆகல. செத்த மனுசன் ஒக்காந்த எடம். வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டு நீ அதுக்குள்ள போவக்கூடாது.”

“வயித்துல புள்ள இருக்கறதாலதான் போறங்க்கா!”

கத்திவிட்டேன். அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்தார். பூட்டைத் திறந்ததும், என் கையைப் பிடித்துக்கொண்டு அவரே முதலில் உள்ளே கால் வைத்தார்.

உள்ளே ஸ்பிரிட் வாடை. மேஜை மேல் டெக்னீஷியன் படிக்கப் போடும் மூக்குக்கண்ணாடி திறந்தபடி இருந்தது. பீப் சத்தம் இப்போது நெருங்கி நெருங்கி வந்தது. மானிட்டரைத் தட்டினேன். வெளிச்சம் வந்தது. என் பெயர், என் வயது, என் வீட்டு முகவரி. ரத்த வகைக் கட்டத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. முன்பு இதே லேபில் எனக்குக் கொடுத்த ரிப்போர்ட்டில் ஓ பாசிட்டிவ். திரையில் இருந்தது ஓ நெகட்டிவ்.

அக்கா நர்ஸ் அல்லவா, என்னைவிட அவருக்குத்தான் முதலில் உறைத்தது. “ஒங்க வூட்டுக்காரரு என்ன குரூப்பு?” என்றார். பி பாசிட்டிவ் என்றேன். “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா நெகட்டிவ்வாக இருந்து, அப்பாவைப் போலப் பிள்ளை பாசிட்டிவ்வாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் பின்னால் பிறக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து என்றும், ஏழாம் மாதத்தில் ஓர் ஊசி போட்டாக வேண்டும் என்றும் பிறகுதான் விளக்கினார். அப்போதைக்குச் சேமிக்கும் பொத்தானை மட்டும் காட்டினார். அழுத்தினேன். ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்தது. அதற்குப் பிறகு ஐந்தாறு பீப்தான், திரை அணைந்தது.

முன்னறைக்கு வந்தபோது, லேப்டாப் திரையின் இன்னொரு ஜன்னலில் காத்திருந்த என் புரோகிராம் தானாகவே வேலையை முடித்திருந்தது. ஞாயிறு மதியம் மூன்று இருபத்தாறுக்கு என் ரத்த வகையைத் திருத்தியவர் என்ற இடத்தில் டெக்னீஷியனின் பெயர் பதிவாகியிருந்தது. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. இன்றுவரை அதை யாரும் மாற்றவில்லை.

மறுநாள் தர்மபுரியில் இரண்டு இடத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். இரண்டிலும் நெகட்டிவ். ஏழாம் மாதம் பிறந்ததும் ஊசி போட்டுக்கொண்டேன்.

பதினாறு முடிந்து அவர் மனைவி சாமான்களை எடுத்துப்போக லேபுக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். கண்ணாடியைப் பையில் வைத்தபடி, என் வயிற்றைப் பார்த்து எத்தனை மாசம் என்று விசாரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“எப்பவும் அஞ்சரைக்கே கெளம்பிருவாருங்க. அன்னிக்கி ஏழு ஆயிருச்சு. எதுக்கு லேட்டாச்சுன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமாங்க?”

எனக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமை மாலை ஆறு பத்துக்கு லேப் நம்பரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஆறரைக்கு இன்னொன்று. ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாவது. புதிய புரோகிராம் எப்போது தயாராகும் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு லைப்ரரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி ஒரு சாம்பிள் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்ல, நான் ஃபோனை எடுப்பேன் என்று அவர் காத்திருந்திருக்கிறார்.

“தெரியலைங்க” என்றேன்.