மாலை போட்ட மூன்றாம் நாள்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் குடிகாரன் என்றால் என் அண்ணன், முரடன் என்றால் நான். அவன் குடிப்பான், நான் அடிப்பேன். பத்து வருடம் எங்கள் வீட்டில் தறி வேலையோடு சேர்ந்து இந்த இரண்டு வேலையும் நடந்தன.

அவனும் சாது கிடையாது. ஒரு நாள் காலை, சோற்றில் கல் இருந்ததென்று பித்தளைச் சொம்பை எடுத்து அண்ணியின் நெற்றியில் அடித்தான். நான்கு தையல். இரத்தம் தறியில் இருந்த பட்டில் தெறித்துவிடக் கூடாதே என்று அவள் முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு விலகி ஓடினாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறியது. சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து, தெருவே பார்க்க, வாயில் இரத்தம் வரும்வரை அடித்தேன். என்னைவிட ஆறு வயது மூத்தவன். அண்ணன்மேல் கை நீட்டுகிறோமே என்ற கூச்சம் அந்த முதல் தடவை மட்டும்தான் இருந்தது.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. வெளியே போய்விட்டு வந்தால் அவன் என் முகத்துக்கு நேராக ஊதிக் காட்ட வேண்டும். "ஊது" என்பேன், ஊதுவான். வாடை வந்தால் அடி. போலீஸ்காரன் தோற்றான் போங்கள். "நீ இல்லாட்டி அந்தக் குடும்பம் எப்பவோ தெருவுக்கு வந்திருக்கும்பா" என்று தெருவில் சொல்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில நாள் அவன் குடிக்காமல் வந்து ஊதியபோது எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை முதல் தேதி, அவனுக்கு மாலை போட ஏற்பாடு செய்தேன். எங்கள் பக்கம் குடிகாரனுக்கு அதுதான் கடைசி மருந்து. ஐயப்பனுக்கு மாலை போட்டவன் நாற்பத்தெட்டு நாள் தொடமாட்டான், அத்தனை நாள் தொடாதவன் அப்புறம் எதற்குத் தொடப் போகிறான் என்பது எல்லாருடைய நம்பிக்கை. முந்தின நாள் மதியம்வரை குடித்தவனை விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்து, கறுப்பு வேட்டி கட்டி, குருசாமி கையால் துளசி மாலை போட்டாயிற்று. அந்த நிமிடத்திலிருந்து அவன் சாமி. மாலை போட்டவரைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடக் கூடாது. நேற்று என் கையால் அடி வாங்கியவனைச் சாமி என்று கூப்பிட எனக்கு நாக்குக் கூசியது. ஆனாலும் கூப்பிட்டேன்.

முதல் நாள் அவனுக்குக் கை நடுங்கியது. இரண்டாம் நாள் தின்றதெல்லாம் வெளியே வந்தது, வேர்த்து ஊற்றியது.

"குளிர்ல தல முழுகினது ஒத்துக்கல போலக்குது" என்றாள் அண்ணி.

"சாமி நடிக்குது அண்ணி. கடைக்கு ஓட வழி பார்த்துக்கினு இருக்குது" என்றேன்.

மூன்றாம் நாள் காலை சாயம் ஏற்றிய பட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணன் தறியில் கத்தரியோடு உட்கார்ந்திருந்தான். தறியில் இருந்தது மூன்று கல்யாணச் சேலைக்கான அரக்குப் பாவு. ஒரு முழம்கூட நெய்திருக்கவில்லை. நீளவாக்கில் விறைத்து நின்ற அந்தப் பட்டிழைகளைக் குறுக்கே வெட்டியிருந்தான். ஒரே ஒரு இழை அறுந்தாலே கையை நிறுத்தி, முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்கிறவர்கள் நாங்கள். பாதிப் பாவு சுருண்டு தறிக்குழிக்குள் கிடந்தது.

"எறும்புடா. எல்லாம் எறும்பு. ஏறிக்கினே இருக்குது" என்று சொல்லிக்கொண்டே மிச்சத்தையும் வெட்டினான்.

மாலையோடு குடித்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். அன்றைக்கு மட்டும் நான் ஊதச் சொல்லவில்லை.

மூலையில் சாத்தியிருந்த மூங்கில் கழியை எடுத்தேன். முதல் அடி தோளில். அடுத்தது இடது முன்கையில். எலும்பு முறிந்த சத்தம் என் காதில் விழுந்தது, நான் நிறுத்தவில்லை. கழுத்தைப் பிடித்து இழுத்தபோது மாலை அறுந்து மணிகள் சிதறின. குறுக்கே வந்த அண்ணிக்கும் ஓர் அடி விழுந்தது. அவள் கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை.

"அவரு குடிக்கல தம்பி. மூணு நாளா வாசப்படி தாண்டல. நான் கூடவேதான் இருக்குறேன்" என்றாள்.

அண்ணன் எழுந்து, நான் கேட்காமலே, என் முகத்துக்கு நேராக வந்து ஊதினான். வெறும் வயிற்றின் புளித்த வாடை. சாராயம் இல்லை. ஊதி முடிப்பதற்குள் கண் செருகியது. கீழே விழுந்தான், உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்ததில் நுரை சிவப்பாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்குமென்று ஒரு சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். அது நான் உடைத்த கை.

ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம். வழியில் இன்னொரு தடவை வலிப்பு வந்தது. குடிக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு பெண் டாக்டர், ஊசி போட்டு அவன் அடங்கிய பிறகு, எங்களை உட்காரவைத்தார்.

"மாலை போட வேணாம்னு சொல்லல. ஆனா இத்தனை வருஷம் தினம் குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போயிருக்கும். முதல்ல இங்க கூட்டிவந்து மருந்து குடுத்து நிறுத்தியிருக்கணும்" என்றார். பிறகு அவன் கையைக் காட்டி, "இது எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"விழுந்துட்டாரு" என்றேன்.

"இவரு அடிச்சாரு. பத்து வருஷமா அடிக்கிறாரு" என்றாள் அண்ணி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பத்து வருஷமா அடிச்சிருக்கீங்க. நின்னுதா? இது நோய். குணமாகி வரும்போது நடுவுல மறுபடியும் குடிக்கலாம். அப்ப வீட்டுல தைரியமா வந்து சொல்லணும். பயந்து மறைச்சார்னா அதுலயே போய்டுவார். புரியுதா?"

தலையாட்டினேன். உள்ளே எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருடத்தில் அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது அந்த மூன்று நாள்தான். அதற்குத்தான் நான் எலும்பை முறித்தேன்.

ஒரு மாதம் கழித்து வீடு வந்தான். குடியை விட்டவர்களுக்காக ஆஸ்பத்திரியில் வாராவாரம் நடக்கும் கூட்டத்துக்கு மொபெட்டில் நானே கூட்டிப் போனேன். ஊதச் சொல்வதை விட்டேன். எட்டு மாதம் கை ஓங்கவில்லை. அவன் குடிக்கவில்லை, எனக்கு ஓங்க வேண்டி வரவில்லை, அவ்வளவுதான். நான் அதைத் திருந்தியதாக நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் ஒரு நாள் காலை அவனைக் காணவில்லை. நேராக ஒயின்ஷாப்புக்குப் போனேன். வந்து குடித்துவிட்டுப் போனார் என்றார்கள். என் விரல்கள் தாமாக மடங்கின. ஐயம்பேட்டைவரை ரோடு ரோடாகத் தேடினேன். கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அண்ணி என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. எங்கே என்று கேட்டதற்குத் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

அங்கே வார்டு வாசலில் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள்.

"ஆமாங்க, காலையில அவரே பஸ் ஏறி வந்தாரு. 'குடிச்சிட்டேம்மா, படுக்க வைங்க'ன்னாரு. வீட்டம்மாவுக்கு மட்டும் போன் பண்ணச் சொன்னாரு. தம்பிக்குத் தெரியவே கூடாதாம், தெரிஞ்சா கொன்னுடுவான்னு அழுவுறாரு. நீங்க யாரு?"

"நான்தான் அந்தத் தம்பி" என்றேன்.

அவள் எழுந்து வந்து வார்டு கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது.

"நான் உள்ள வரலம்மா. அவரா கூப்பிட்டா வரேன்" என்றேன்.

வராந்தா பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அண்ணி சாப்பாடு கொண்டுவந்து உள்ளே போவாள், வருவாள். எனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை, அது நியாயம்தான். மூன்றாம் நாள் மத்தியானம் கதவைத் திறந்து, "கூப்பிடுறாரு" என்றாள்.

இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.